ஒரு டிஸ்க் செத்த மறுநாள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடைவீட்டு மாடியில் வீடியோ ஸ்டூடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாணம், சடங்கு, கோயில் விசேஷம் எல்லாம் எடுக்கிறார்கள். ஆறு பேர் எடிட்டிங்கில். இதுவரை சேர்ந்தது 38 டிபி, அதாவது டெராபைட். அது பதினேழு யுஎஸ்பி டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிறது, எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மாதம் 1 டிபி கூடுகிறது. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து திறந்து வேலை செய்ய ஒரு சர்வர் வேண்டும். கடைக்காரர் எட்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்றைக் காட்டி, "16 டிபி டிஸ்க் எட்டு, ரெய்டு 5, மொத்தம் 112 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் கவலை இல்லை" என்று விலை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

பெட்டி சரி, தம்பி. டிஸ்க் அளவும் சரி. ரெய்டு 5 மட்டும் வேண்டாம், ரெய்டு 6 போடுங்கள். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி அமைப்பது; 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், 6 இரண்டு போனாலும் தாங்கும். கையில் இருக்கும் காசு முழுவதையும் இந்த ஒரு பெட்டியில் கொட்டாமல், இன்னொரு சின்னப் பெட்டிக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். அவசரமாக முடிவு சொல்ல வேண்டியிருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

"ஒரு டிஸ்க் போனாலும் கவலை இல்லை" என்பது பொய் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு டிஸ்க் போகும் நொடியோடு முடிந்துவிடுகிறது. பாயான் லெப்பாசில் சர்வர் அறை வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவன் நான். பெட்டி வாங்க வருகிற எல்லாரும் எத்தனை டிபி கிடைக்கும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன்: ஒரு டிஸ்க் செத்த மறுநாள் காலையில் உங்கள் கடையில் என்ன நடக்கும்? புது டிஸ்க் வந்து சேர எத்தனை நாள்? சேர்ந்த பிறகு அது நிரம்ப எத்தனை மணி நேரம்? அதுவரை மற்ற ஏழும் தாங்குமா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் டிபி கணக்கு தானாக வந்துவிடும்.

ரெய்டு என்ற யோசனையை பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1988-இல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார்கள். ஒரு பெரிய விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாகக் கட்டலாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் எடுத்துக்காட்டிய சின்ன டிஸ்க் 100 எம்பி, வேகம் நொடிக்கு 1 எம்பி அளவு. அதாவது ஒரு டிஸ்க் முழுவதையும் படித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. உங்கள் டிஸ்க் 16 டிபி. சராசரியாக நொடிக்கு 180 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் முழுக்க எழுதி முடிக்க 25 மணி நேரம். கொள்ளளவு ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, வேகம் இருநூறு மடங்கைத் தாண்டவில்லை. இரண்டு நிமிஷ ஆபத்துக்கு யோசித்த ஏற்பாட்டை நாம் ஒரு முழு நாள் ஆபத்துக்கு நீட்டுகிறோம். அந்த 25 மணி நேரமும் யாரும் சர்வரைத் தொடாமல் இருந்தால்தான். ஆறு பேர் எடிட் செய்துகொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று நாளும் ரெய்டு 5-இல் உங்களுக்கு எந்தக் காப்பும் இல்லை. செத்த டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்குப் போட்டு எழுத, மற்ற ஏழையும் ஆதி முதல் அந்தம் வரை படிக்க வேண்டும்: 112 டிபி. இதற்குப் பெயர் ரீபில்டு. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், கோடி கோடி பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். கோடி கோடி பிட் என்பது 12.5 டிபிதான். விலை கூடிய டிஸ்க்குகளில் இது பத்து மடங்கு மேல், அதாவது 125 டிபிக்கு ஒன்று. விவரத்தாளை அப்படியே நம்பினால் மலிவு டிஸ்க்கில் ஒரு ரீபில்டுக்குள் ஒன்பது இடம் அடிபடும். நல்ல டிஸ்க்கிலும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு மேல். உண்மையில் டிஸ்க்குகள் விவரத்தாளைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. அதனால் இந்தக் கணக்கைக் காட்டி "ரெய்டு 5 செத்துவிட்டது" என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு இடம் அடிபட்டாலே, டிஸ்க்குகளை நடத்தும் கன்ட்ரோலர்களில் பழையவை சில மொத்த ரீபில்டையும் கைவிட்டுவிடும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னை அதைவிட அதிகம் பயமுறுத்துவது வேறு. எட்டு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து, ஒரே தொழிற்சாலைத் தொகுதியிலிருந்து வருகின்றன. ஒரே சூட்டில், ஒரே அதிர்வில், ஒரே அளவு வேலை செய்து வயதாகின்றன. ஒன்று சாகும்போது மற்றவை இளமையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அந்த நேரம் பார்த்து, கிழடு தட்டிய ஏழையும் மூன்று நாள் விடாமல் ஓடச் சொல்கிறோம். ரெய்டு 6 என்பது அந்த மூன்று நாளுக்கு எடுக்கும் காப்பீடு. இரண்டாவது ஒன்று போனாலும் கடை ஓடும்.

மனிதன் செய்யும் தவறுக்கும் அதுவே காப்பீடு. 2013 டிசம்பரில் பிறை ஊரில் ஒரு அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு டிஸ்க், ரெய்டு 5. காலண்டர் சீசன், ராத்திரி பகலாக மெஷின் ஓடுகிறது. ஒரு டிஸ்க் போய்விட்டது, திரையில் "டிஸ்க் 3" என்று வந்திருக்கிறது. அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன்தான், கையில் புது டிஸ்க்கும் தயார். இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றாவதை உருவினான். கன்ட்ரோலர் எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. செத்தது நான்காவது. உயிரோடு இருந்ததை உருவியதும் வால்யூம் மொத்தமும் காணாமல் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார், "அண்ணே, காலண்டர் இருக்கா?" உருவியதைத் திரும்பச் செருகி, கட்டாயப்படுத்தி எழுப்பி, இரண்டு நாள் உட்கார்ந்து வெளியே நகல் எடுத்தோம். பெரும்பாலானது வந்தது. ஒரு முருகன் படம் இடுப்புக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறமாக வந்தது. வேலும் முகமும் மட்டும் பளிச்சென்று. அதை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். ரெய்டு 6 இருந்திருந்தால் அந்தப் பையன் "ஐயோ" என்று சொல்லிவிட்டு சரியானதை உருவியிருப்பான், யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் பெட்டி வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை ஒட்டுத்தாளில் எழுதி, அந்த டிரேயின் முகப்பில் ஒட்டுங்கள். இடத்தை எண்ணாதீர்கள், சீரியலைப் பாருங்கள்.

இனி அளவு. எட்டு டிஸ்க்கை ரெய்டு 10-ஆக, ஜோடி ஜோடியாகப் போட்டால் 64 டிபி. ரெய்டு 6-ஆகப் போட்டால் 96. ரெய்டு 10 வேகமானது, ரீபில்டும் சுலபம், ஏனென்றால் ஜோடியில் இருக்கும் ஒன்றை மட்டும் படித்தால் போதும். ஆனால் அந்த ஜோடியே போய்விட்டால் எல்லாம் போச்சு. ரெய்டு 6-இல் எந்த இரண்டு போனாலும் தாங்கும். டேட்டாபேஸ் ஓடும் இடமென்றால் நான் ரெய்டு 10 சொல்லியிருப்பேன். உங்களுடையது பெரிய பெரிய வீடியோ ஃபைல்கள், நீளமாகப் படிப்பது, நீளமாக எழுதுவது. அதற்கு ரெய்டு 6 பொருத்தம்.

அந்த 96 டிபியும் முழுசாகக் கைக்கு வராது. டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. திரையில் 87 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, இது ஒரே பாலை இரண்டு படியில் அளப்பது மாதிரி. பிறகு, 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்ப நிரம்ப எழுதும் இடம் துண்டு துண்டாகி வேகம் விழும். 96-இல் 80 சதவீதம் ஏறக்குறைய 77. இருப்பது 38, மீதி 39, வருஷத்துக்கு 12. மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகம். சர்வருக்கு அது போதும் என்பது என் கருத்து. ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படுவதை இன்றே வாங்குவது, வளரும் பிள்ளைக்கு இப்போதே கல்யாண வேட்டி வாங்குவது போல.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். கல்யாணத்தை எடிட் செய்து கொடுத்த பிறகும் எல்லா மூல வீடியோவையும் ஆயுளுக்கும் வைத்திருக்க வேண்டுமா? ஒரு வருஷம் வைத்திருப்போம், பிறகு அழித்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், அதைவிட மலிவான ஸ்டோரேஜ் எந்தக் கடையிலும் கிடைக்காது. முடித்த படத்தை வேண்டுமானால் என்றைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அது சின்னது.

எந்த மென்பொருள் என்று வந்தால், டிஸ்க்குகளையும் ஃபைல்களையும் சேர்த்தே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் பக்கம் நான். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது, 2005-இல் ஓபன் சோர்ஸாக வெளியே வந்தது. இப்போது ட்ரூநாஸ் போன்ற சர்வர் மென்பொருள்களில் உலாவி வழியாகவே எல்லாம் செய்யலாம். அதில் ரெய்டு 6-க்கு நிகரானதன் பெயர் ரெய்டு-இசட்2. எனக்கு அது பிடிக்க முக்கியக் காரணம், ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், எழுதி வைத்து, படிக்கும்போதெல்லாம் ஒத்துப்பார்ப்பது. சாதாரண ரெய்டு, டிஸ்க் "என்னால் படிக்க முடியவில்லை" என்று சொன்னால்தான் பேரிட்டியை, அதாவது மீட்பதற்காகக் கணக்குப் போட்டு வைத்த கூடுதல் தகவலை, தேடிப் போகும். டிஸ்க் தவறானதைக் கொடுத்துவிட்டு "இதுதான்" என்று சாதித்தால் அதை நம்பிவிடும். இசட்எஃப்எஸ் நம்பாது, மற்ற டிஸ்க்குகளிலிருந்து சரியானதைக் கட்டி, தவறானதை மேலெழுதும். ரீபில்டு செய்யும்போதும் காலி இடத்தைத் தொடாது, நிரம்பிய அளவுக்குத்தான் வேலை. பாதி நிரம்பிய பெட்டி பாதி நேரத்தில் முடியும். அப்படியே ஒரு இடம் மீட்க முடியாமல் போனாலும் எந்த ஃபைல் போயிற்று என்று பெயர் சொல்லும், மொத்தத்தையும் கைவிடாது.

குறை இல்லாமல் இல்லை. ரெய்டு-இசட்2-வை ஒரு டிஸ்க் கூட்டி விரிக்க முடியாது என்பது பல வருஷக் குறை, ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 ஜனவரி 2025-இல் வந்தபோதுதான் அது தீர்ந்தது. உங்கள் எட்டு இடமும் நிரம்பிவிடுவதால் அது உங்களுக்குப் பயன்படாது. நீங்கள் மூன்று வருஷம் கழித்து ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்துப் பெரியதைப் போடுவீர்கள். எட்டாவதும் மாறியதும் இடம் விரியும். தன் பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரி கிடைத்தால் போடுங்கள், 32 ஜிபி போதும். ஒரே தகவல் இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும் வைக்கும் டீடூப்ளிகேஷன் என்ற பொத்தானைத் தொடவே தொடாதீர்கள், வீடியோவில் ஒன்றும் மிஞ்சாது, மெமரியைத்தான் விழுங்கும்.

இதையெல்லாம் பார்க்க ஆளில்லை, நேரமில்லை என்றால் ஸினாலஜி மாதிரி ஆயத்தப் பெட்டி வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கேயும் இரண்டு டிஸ்க் தாங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாடல் டிஸ்க்கை அந்தப் பெட்டி ஏற்கும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள்.

டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியது சிஎம்ஆர் என்ற மூன்றெழுத்து. அதில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. அதற்கு மாறான எஸ்எம்ஆர் என்பது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி உட்காரும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையெல்லாம் தூக்கி அடுக்க வேண்டும். சும்மா சேமித்து வைக்க அது போதும். ரீபில்டு மாதிரி விடாமல் எழுதும் வேலை வந்தால் மூச்சு வாங்கிவிடும். நாஸுக்கென்றே, அதாவது நெட்வொர்க்கில் இணைக்கும் இதுபோன்ற பெட்டிகளுக்கென்றே, விற்ற சில டிஸ்க்குகள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆர் ஆகியிருந்தது 2020-இல் தெரியவந்து பெரிய சத்தம் ஆனது. அதற்குப் பிறகு விவரத்தாளில் வெளிப்படையாகப் போடுகிறார்கள். படித்துவிட்டு வாங்குங்கள். மேசைக் கணினி டிஸ்க் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் அது பிடிவாதமாக ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டே இருக்கும். அதற்குள் கன்ட்ரோலர் "இது செத்துவிட்டது" என்று தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் ஏழு நொடியில் கைவிரித்துவிடும், மற்றவை பார்த்துக்கொள்ளும்.

எட்டையும் ஒரே கடையில் வாங்காதீர்கள். நான்கு கொம்தார் பக்கம் வாங்குங்கள், நான்கை ஆன்லைனில் வேறு கடையில் வாங்குங்கள். தொகுதி மாறிவிடும். ஒன்பதாவதாக ஒன்று வாங்கி உறை பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். வாரன்டியில் மாற்றிக் கொடுப்பார்கள்தான், ஆனால் அனுப்பி, பரிசோதித்து, திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் நீங்கள் ஊனமாக ஓடுவீர்கள். 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது, காசு கொடுத்தாலும் சரக்கு இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து அலமாரியில் ஒரு டிஸ்க் இல்லாமல் நான் எந்தப் பெட்டியையும் ஒப்படைத்ததில்லை.

வந்த டிஸ்க்கை உடனே வேலைக்கு விடாதீர்கள். ஒரு முறை முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பாருங்கள். எட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டு நாள் ஆகும். குறைப் பிறவியாக வந்தது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில் முகத்தைக் காட்டிவிடும், கடையில் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

நெட்வொர்க் பற்றிச் சுருக்கமாக. இப்போது உங்களிடம் இருக்கும் ஒரு கிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 எம்பிதான் போகும். ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 18. 4கே-க்கு அது பற்றாது. சர்வரிலிருந்து சுவிட்ச் வரை 10 கிகாபிட், சுவிட்சிலிருந்து மேசைக்கு 2.5 போதும். எடிட்டிங் மென்பொருள் உண்டாக்கும் குட்டிக் குட்டி கேஷ் ஃபைல்களை அவரவர் கணினியின் எஸ்எஸ்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். எட்டு டிஸ்க் சேர்ந்து நின்றாலும், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடும் வேலையில் ரெய்டு-இசட்2 ஒற்றை டிஸ்க்கின் வேகத்தில்தான் ஓடும். கடைக்காரர் "எஸ்எஸ்டி கேஷ் போட்டால் பறக்கும்" என்பார். உங்கள் வேலைக்குப் பறக்காது. அந்தக் காசில் யுபிஎஸ் வாங்குங்கள்.

யுபிஎஸ்ஸை நான் சும்மா சொல்லவில்லை. நம் ஊர் இடி உங்களுக்குத் தெரியும். மாலை நாலு மணிக்கு வானம் கறுத்தால் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். மனிதன் கவனிக்காத அந்தச் சிமிட்டலில் சர்வர் விழுந்து எழுந்திருக்கும். எட்டு டிஸ்க் பெட்டி சாதாரணமாக 150 வாட்டுக்குள் அடங்கும், ஆனால் எழும்போது எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பிப்பதால் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். 1500 விஏ யுபிஎஸ் பத்து நிமிஷமாவது தாங்கும். முக்கியமானது அதன் பின்னால் இருக்கும் யுஎஸ்பி கம்பி. அதைச் சர்வரில் செருகி, மின்சாரம் போய் மூன்று நிமிஷத்தில் வரவில்லை என்றால் தானாக ஒழுங்காக அணைய வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். நான் போய்ப் பார்க்கும் பத்துக் கடையில் எட்டில் அந்தக் கம்பி இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். நம் சூட்டுக்கு யுபிஎஸ் பேட்டரி இரண்டு, மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டி வரும், தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். இடி கம்பி வழியாகவும் வரும்: இணைய மோடத்திலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து சர்வருக்கு. மோடமும் சுவிட்சும் அதே யுபிஎஸ்ஸில், அதே எர்த்தில் இருக்கட்டும்.

சூடு பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். கூகுள் தன் ஒரு லட்சம் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டதில், மிதமான வெப்பத்துக்கும் டிஸ்க் சாவதற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. ஆனால் அவர்கள் பேசியது மிதமான சூட்டை. தகரக் கூரைக்குக் கீழே, ராத்திரி ஏர்கான் நிறுத்திய மாடியை இல்லை. டிஸ்க் 45 டிகிரிக்குள் இருந்தால் நான் தூங்குவேன், 50 தாண்டினால் காற்றாடி மாற்றுவேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்பக்க ஓட்டைகளுக்குக் கம்பி வலை போடுங்கள். கதகதப்பு தேடிப் பல்லி பவர் சப்ளைக்குள் போய், தானும் கருகி, பெட்டியையும் நிறுத்திய கதை இந்த ஊரில் எந்த ரிப்பேர்காரரைக் கேட்டாலும் சொல்வார். நீங்கள் மாடியில் இருப்பது நல்லது. 2017 நவம்பர் 4 ராத்திரி பெய்த மழையில் தரையில் வைத்திருந்த எத்தனை சர்வர் போயின என்பதை நான் எண்ணி முடிக்கவில்லை.

அந்த வெள்ளம் ரெய்டு 6-ஐயும் கேட்காது. தீயும் கேட்காது, திருடனும் கேட்கமாட்டான். தவறான ஃபோல்டரை அழித்த ஊழியருக்கும், எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும் எட்டு டிஸ்க்கும் சேர்ந்து உடனடியாக, பணிவாக ஒத்துழைக்கும். கடைசி இரண்டுக்கு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு, போதும்: மணிக்கு ஒன்று எடுத்து இரண்டு நாள் வைத்திருங்கள், நாளுக்கு ஒன்று எடுத்து ஒரு மாதம் வைத்திருங்கள். எடிட்டிங் கணினியிலிருந்து பார்க்கலாம், அழிக்க முடியாது. ஆனால் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லை அந்தக் கணினி எதிலும் சேமித்து வைக்கக் கூடாது, மானிட்டரில் ஒட்டியும் வைக்கக் கூடாது.

முதல் மூன்றுக்குத்தான் இரண்டாவது பெட்டி. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியே என்ற 3-2-1 கணக்கைப் பிரபலமாக்கிய பீட்டர் க்ரோக் உங்களைப் போல ஒரு புகைப்படக்காரர்தான், கம்ப்யூட்டர்காரர் இல்லை. ஐந்து 16 டிபி டிஸ்க், ரெய்டு-இசட்1, 64 டிபி. இவ்வளவு நேரம் ரெய்டு 5-ஐத் திட்டிவிட்டு அதன் தம்பியையே இங்கே சிபாரிசு செய்கிறேனே என்று கேட்கலாம். இது நகல். இது போனால் மூலம் இருக்கிறது, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதே அளவு டிஸ்க் என்பதால் அலமாரியில் இருக்கும் அந்த ஒன்பதாவது இரண்டு பெட்டிக்கும் பொது.

இந்தப் பெட்டி ஸ்டூடியோவில் இருக்கக் கூடாது. உங்கள் வீடு புக்கிட் மெர்தாஜாமில் என்றால் அங்கே. கடலுக்கு அந்தப் பக்கம் என்பது நல்லதுதான். முதல் நகலை இணையத்தில் அனுப்ப முயலாதீர்கள்: 38 டிபியை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 35 நாள் ஆகும், ஒரு நொடிகூட அறுந்துபோகாமல் இருந்தால். பெட்டியை ஸ்டூடியோவில் வைத்து, 10 கிகாபிட்டில் நிரப்பி, காரில் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரி புதிதாகச் சேர்ந்ததை மட்டும் இசட்எஃப்எஸ் அனுப்பும். பெரிய கல்யாணம் ஒன்று 300 ஜிபி என்றால் ஏழு மணி நேரம், விடிவதற்குள் முடியும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் உங்கள் வீட்டு அறையில் இருக்கப் போகிறது, என்கிரிப்ஷன் போட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலும் வந்து சேர்ந்த பிறகுதான் கேமரா கார்டை அழிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். இந்தப் பதிலில் இதை மட்டும் செய்தாலும் எனக்குப் போதும்.

பிறகு கண்காணிப்பு. மாதம் ஒரு முறை ஸ்க்ரப், அதாவது பெட்டி தானே எல்லாவற்றையும் படித்துச் செக்சம் சரிபார்ப்பது. வேறொரு நாளில், டிஸ்க் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீளப் பரிசோதனை. ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய வரிகளின் கணக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நகர ஆரம்பித்தால் சாகும்வரை காத்திராமல் மாற்றுங்கள். மேலே சொன்ன அதே கூகுள் ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையில்லாததைப் போல் 39 மடங்கு என்று கண்டார்கள். 199 ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் கம்பி. எச்சரிக்கை இமெயில் உங்கள் கைபேசிக்கு வருகிறதா என்று ஒரு சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள். டிஸ்க் செத்து மூன்று மாதம் கழித்து, இரண்டாவது செத்த அன்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. பெட்டி முதல் நாளே மடல் அனுப்பியிருந்தது, வேலையை விட்டுப் போன ஊழியரின் முகவரிக்கு.

எல்லாம் முடிந்ததும், பதினேழு யுஎஸ்பி டிஸ்க்கையும் அழிக்காமல் ஆறு மாதம் ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். தைப்பூச வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, வேலை குறைவான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆறு பேரும் எடிட் செய்துகொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் ஒரு டிஸ்க்கை உருவுங்கள். உங்கள் கைபேசிக்கு மடல் வருகிறதா, யாராவது "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்று கத்துகிறார்களா என்று பாருங்கள். அலமாரியில் இருக்கும் ஒன்பதாவதைச் செருகுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். உருவியதை வெறுமையாக்கி அலமாரியில் வையுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதை அந்த டிரேயில் ஒட்டியிருக்கும் தாளிலேயே எழுதுங்கள், புது டிஸ்க்கின் கடைசி நான்கு எழுத்தோடு.